கை கற்ற கல்வி

கல்வி இரு வழியாக மாந்தரை வந்தடைகின்றது. ஒன்று ஏட்டின் வழி. மற்றொன்று கையின் வழி. ஏட்டின் வழி வருவது பரந்து விரிந்தது. ஓரிடத்தில் இருந்தவாறே உலகத்தை அறியச் செய்வது. கையின் வழி வருவது மெல்ல வருவது. தவறியும் திருந்தியும் வருவது. வந்தபின் எளிதில் நீங்காதது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழி ஏட்டுக் கல்வியை இகழ்கிறது என்று பொருள் கொள்வாரும் உளர். ஏடும் கையும் இணையாத இடத்தில் கல்வி நிறைவு பெறாது என்பதே அதன் உட்பொருளாகும்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இதனை நன்கு அறிவர். கற்பித்தல் முறைகளை எத்துணை நூல்களில் படித்திருப்பினும், பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் முதன்முதலாகச் சுண்ணக்கட்டியை ஏந்தி நிற்கும் நாளில்தான் ஒருவர் ஆசிரியராகத் தொடங்குகிறார். மருத்துவத் துறையில் இவ்வுண்மை இன்னும் தெளிவாக விளங்கும். அதனினும் கால்நடை மருத்துவத்தில் அது தலையாய இடம் பெறும். காரணம் வெளிப்படை. அம்மருத்துவரின் நோயாளி வாய் பேசாது. 'எங்கே நோகிறது? எப்பொழுது தொடங்கிற்று?' என்று ஒரு மாட்டை வினவ இயலாது. கண்ணும் செவியும் மூக்கும் விரல்நுனியுமே வினாவை எழுப்பி, விடையையும் பெறவேண்டும்.

இத்தகைய கைக்கல்வி கால்நடை மருத்துவப் பள்ளிகளில் எவ்வாறு வேரூன்றியது என்பதையும், அக்கல்வியை முழுமையாகப் பெற்றிருந்தும் அதற்குரிய தகுதித் தாளைக் கால் நூற்றாண்டுக் காலம் பெறவியலாது நின்ற ஒரு மாணவியின் வரலாற்றையும் ஈண்டுக் காண்போம். அம்மாணவியின் பெயர் அலீன் கஸ்ட் என்பதாகும்.

முதற் பள்ளிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஐரோப்பாவில் கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பள்ளிகள் இருந்ததில்லை. குதிரைகளுக்கு லாடம் அடிப்போரே அவற்றின் நோய்களையும் கவனித்தனர். மாடுகளையும் ஆடுகளையும் மேய்ப்போரும் ஊர்ப்புற வைத்தியரும் தத்தம் பழக்கத்திற்கேற்பப் பார்த்தனர். அவர்களிடம் கைப்பழக்கம் மிகுதியாக இருந்தது. அதனைச் சீர்தூக்கி ஒழுங்குபடுத்தும் நூலறிவோ இல்லை. அக்காலத்தில் வெக்கை நோய் நாடு நாடாகப் பரவி மாட்டு மந்தைகளை அழித்தது. உழவும் உணவும் ஒருங்கே கெட்டன. இதற்கு ஒரு வழி காணவேண்டும் என்னும் கவலை அரசுகளைப் பற்றிக்கொண்டது.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் குதிரையேற்றப் பள்ளி ஒன்றை நடத்திவந்த கிளாட் பூர்ஜலா என்பார், கால்நடை மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவ 1761-இல் அரசின் இசைவைப் பெற்றார். 1762-இல் பள்ளி திறக்கப்பட்டது. உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி அதுவே எனப் போற்றுவர். தொடங்கிய சில காலத்திலேயே, வெக்கை நோய் பரவிய சிற்றூர்களுக்கு அதன் மாணாக்கர் அனுப்பப்பட்டனர். அங்கே அவர்கள் கண்டது படத்தில் வரைந்த மாடன்று. மூச்சிரைத்துக் கிடந்த மாடு. அதன் அருகே கலங்கி நின்ற உழவனையும் கண்டனர். பாடம் பள்ளியின் சுவர்களைத் தாண்டி நோய் இருக்கும் இடத்திற்கே செல்லவேண்டும் என்னும் நெறி இவ்வாறு தொடக்கத்திலேயே இடம்பெற்றது. 1765-இல் பாரிசு நகரின் அருகில் அல்போர் என்னுமிடத்தில் இரண்டாவது பள்ளியும் எழுந்தது.

மூன்று மாதப் பட்டம்

இங்கிலாந்தில் 1791-இல் இலண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. லியோனில் பயின்ற சேன்பெல் என்பார் அதன் முதல் தலைவர். அவர் 1793-இல் மறைந்தார். அடுத்து 1794-இல் பொறுப்பேற்ற எட்வர்டு கோல்மன் 1839-இல் தாம் இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். அவர் மனிதர்க்குரிய அறுவை மருத்துவம் பயின்றவர். விலங்குகளோடு பழகி வளர்ந்தவர் அல்லர். அப்பொழுது பிரான்சுடன் நெடும்போர் நடந்துகொண்டிருந்தது. குதிரைப் படைக்கு மருத்துவர் விரைந்து தேவைப்பட்டனர். எனவே கல்லூரியின் கவனம் பெரிதும் குதிரையின் மீதே குவிந்தது. மாடும் ஆடும் ஒதுக்கப்பட்டன. மூன்றாண்டு என்று முதலில் எண்ணப்பட்ட படிப்பு நாளடைவில் சில மாதங்களாகக் குறுகிற்று. சொற்பொழிவுகளைக் கேட்டு, வாய்மொழித் தேர்வில் விடை கூறினால் பட்டம் கிடைத்தது. கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் அருகே ஒரு முறையேனும் நில்லாதவரும் மருத்துவராக வெளிவர இயன்றது.

அவ்வாறு மூன்று மாதங்களில் பட்டம் பெற்றுத் திரும்பியோருள் ஒருவர் வில்லியம் டிக். ஆயினும் அவர் வெறுங்கையோடு இலண்டனுக்குச் சென்றவர் அல்லர். 1793-இல் எடின்பரோ நகரில் லாடம் அடிப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். உலைக்களத்தில் தந்தையின் பக்கத்தில் நின்று, குளம்பைத் தொடைகளுக்கிடையே பற்றி, ஆணி எந்தக் கோணத்தில் இறங்கவேண்டும் என்பதைக் கையால் அறிந்தவர். ஆதலின் இலண்டனில் கேட்ட சொற்பொழிவுகளில் எது நிற்கும், எது நில்லாது என்று எடைபோடும் ஆற்றல் அவரிடம் இருந்தது.

எடின்பரோவுக்குத் திரும்பிய டிக், 1823-இல் ஹைலேண்டு சங்கத்தின் ஆதரவோடு கால்நடை மருத்துவ வகுப்புகளைத் தொடங்கினார். 1833-இல் பள்ளிக்கெனக் கட்டடமும் எழுப்பினார். உலைக்களமும் நோயுற்ற விலங்குகளும் அவர்தம் வகுப்பின் பகுதிகளாயின. நகரத்து வண்டிக் குதிரைகளும் சுற்றுப்புறத்துப் பண்ணை விலங்குகளும் அங்கே கொண்டுவரப்பட்டன. வரும் விலங்கே அன்றைய பாடமாயிற்று. 1866-இல் அவர் மறையும் வரை கற்பித்தல் தொடர்ந்தது. கையில் தொடங்கி ஏட்டிற்குச் செல்லும் கல்விமுறைக்கு எடின்பரோ நகரம் இவ்வாறு பெயர் பெற்றது.

தாளுக்கு வந்த மதிப்பு

கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்த 1844-இல் அரச கால்நடை மருத்துவர் கழகம் அரசியின் பட்டயத்தால் நிறுவப்பட்டது. இக்கழகம் பாடம் நடத்தும் பள்ளியன்று. பள்ளிகளில் பயின்றோரைத் தேர்வு செய்து, தகுதியுடையோர்க்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்பாகும். 1881-இல் இயற்றப்பட்ட சட்டம், கழகத்தின் பதிவேட்டில் இடம்பெறாதார் 'கால்நடை மருத்துவர்' என்று தம்மைக் கூறிக்கொள்ளலாகாது என விதித்தது.

இச்சட்டத்தின் நோக்கம் நல்லதே. கைதேர்ந்தவர் போல நடித்து உழவரை ஏமாற்றிய போலி வைத்தியர் அந்நாளில் பலர் இருந்தனர். அவர்களிடமிருந்து மக்களையும் விலங்குகளையும் காக்க ஒரு வேலி தேவைப்பட்டது. ஆனால் வேலி போடுவோர் வாயிலை எங்கே வைக்கின்றனர் என்பது பெரிய வினாவாகும். தகுதியற்றோரைத் தடுக்க எழுந்த வேலி, தகுதியுடையோர் ஒருவரையும் வெளியே நிறுத்த நேர்ந்தது.

பெயரை மாற்றிப் பயின்ற மாணவி

அலீன் இசபெல் கஸ்ட் 1868-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் அயர்லாந்தின் திப்பரேரிப் பகுதியில் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நிலவுடைமைகளை மேலாண்மை செய்துவந்த தந்தை, மகள் சிறுமியாக இருக்கும்பொழுதே மறைந்தார். குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. இளமை முதலே அலீனின் உள்ளம் விலங்குகளின்பால் ஈடுபட்டிருந்தது. முதலில் இலண்டனில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். பின் அதனை விடுத்துக் கால்நடை மருத்துவமே தம் வழி எனத் தேர்ந்தார்.

அக்காலத்தில் அஃது எளிய முடிவன்று. எடின்பரோ நகரிலேயே 1869-இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் முதலான எழுவர் மருத்துவம் பயிலப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தனர். பயிலவிட்ட பல்கலைக்கழகம் பட்டம் மட்டும் அளிக்க மறுத்தது. 1876-இல் வந்த சட்டமே மருத்துவத் தேர்வுகளைப் பெண்களுக்குத் திறந்துவிட வழி வகுத்தது. ஆனால் அச்சட்டம் மனிதர்க்குரிய மருத்துவத்தைப் பற்றியது. கால்நடை மருத்துவத்தைப் பற்றி யாரும் எண்ணவில்லை. பெண்ணொருத்தி குதிரை இலாயத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் பணிபுரிய முன்வருவாள் என்று சட்டம் வகுத்தோர் கருதியிருக்கமாட்டார்.

எடின்பரோவில் அப்பொழுது டிக் தொடங்கிய கல்லூரியோடு, புதிய கால்நடை மருத்துவக் கல்லூரி என்னும் மற்றொன்றும் இருந்தது. டிக் கல்லூரியின் தலைவராக இருந்து விலகிய வில்லியம் வில்லியம்ஸ் 1873-இல் அதனைத் தோற்றுவித்தார். 1890-களின் இடைப்பகுதியில் அலீன் அவரிடம் சேர இசைவு கேட்டார். வில்லியம்ஸ் மறுக்கவில்லை. வகுப்பில் இருந்த பிறர் அனைவரும் ஆடவர். குடும்பத்தார்க்கு நாணம் நேராதிருக்கும் பொருட்டுத் தம் குடிப்பெயரைக் 'கஸ்டன்ஸ்' என மாற்றிப் பதிவு செய்துகொண்டார் அலீன். முதலாண்டிலேயே விலங்கியலில் பொற்பதக்கம் அவரைச் சேர்ந்தது.

கைகள் கற்றவை

அந்நாளைய மாணாக்கர் ஒருவரின் கைகள் எவற்றைக் கற்கவேண்டியிருந்தன என்பதைச் சற்று விரிவாக நோக்குவது தகும்.

முதலாவது, விலங்கை அணுகும் முறை. குதிரையின் பின்னால் திடுமெனச் செல்லலாகாது. இடத்தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே செல்லவேண்டும். தோளில் கையை வைத்து, அக்கையை எடுக்காமலே கால் வரை இறக்கிச் செல்லவேண்டும். கை தொட்டிருக்கும் வரை குதிரை மனிதன் எங்கிருக்கிறான் என்பதை அறிந்திருக்கும். அறிந்திருக்கும் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குதிரை பின்னோக்கி உதைக்கும். மாடோ பக்கவாட்டில் வளைத்து உதைக்கும். இவ்வேறுபாட்டை நூல் ஒரே வரியில் சொல்லிவிடும். ஆனால் உடல் அதனைத் தன்னியல்பாக நினைவிற்கொள்ளப் பல நாள் ஆகும்.

இரண்டாவது, நாடி. குதிரையின் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பில் ஓடும் குருதிக் குழாயை விரலால் மெல்ல அழுத்தி எண்ணுவர். நலமுள்ள குதிரைக்கு ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 28 முதல் 40 வரை துடிப்பு இருக்கும். புதிய மாணாக்கர் அக்குழாயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் குதிரை தலையை உதறிவிடும். மீளவும் தேடவேண்டும். அழுத்தம் மிகுந்தால் துடிப்பு மறையும், குறைந்தால் புலப்படாது. எத்துணை அழுத்தம் தேவை என்பதை எந்த நூலும் அளந்து கூற இயலாது. பல குதிரைகளைத் தொட்டபின் விரலே அதனைக் கூறும்.

மூன்றாவது, நொண்டும் குதிரையின் எந்தக் கால் நோவுற்றது எனக் காணல். குதிரையைக் கடினமான தரையில் மெதுவோட்டமாக ஓட்டிப் பார்ப்பர். முன்கால் ஒன்றில் நோவிருப்பின், அக்கால் தரையை மிதிக்கும்பொழுது குதிரை தலையை உயர்த்தும். நலமுள்ள கால் மிதிக்கும்பொழுது தலை தாழும். இதனைத் தலைகீழாகக் கண்டு, நல்ல காலைக் குற்றம் சாட்டாத மாணாக்கர் அரியர்.

நான்காவது, மருந்து புகட்டல். மாட்டின் தலையை மிக உயர்த்திப் பிடித்து விரைந்து ஊற்றினால், மருந்து மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். நோயைத் தீர்க்க வந்த மருந்தே உயிரைப் போக்கிவிடும். எனவே பொறுமையும் மருந்தின் ஒரு பகுதி என்று கை கற்றுக்கொள்ளவேண்டும்.

ஐந்தாவது, கன்று ஈனும் வேளையில் உதவுதல். இயல்பான நிலையில் கன்றின் முன்கால்கள் இரண்டும் முன்னே வர, அவற்றின் மீது முகம் படிந்து வரும். தலை பின்னோக்கி மடங்கியிருப்பின் பசு எத்துணை முக்கினும் கன்று வெளிவராது. மருத்துவர் கையைத் தூய்மை செய்து, சோப்போ கொழுப்போ பூசி, தோள் வரை உட்செலுத்த வேண்டும். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. தொட்ட இடம் முன்காலா பின்காலா, முழங்காலா கணுக்காலா என்பதை விரல்கள் இருளில் படித்தறிய வேண்டும். கன்றை இழுப்பதற்கு முன் அதனை உள்ளே தள்ளி இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பசு முக்கும்பொழுது கை நெரிபடும். முக்கல் தணிந்த சிறு இடைவெளியில்தான் தலையைத் திருப்ப இயலும். உடல் வலிமையால் மட்டும் இது முடிவதன்று. பெண்களின் உடல் இத்தொழிலுக்கு ஏலாது என்று கூறியோர், இழுக்கும் வலிமையை எண்ணினரேயன்றி, திருப்பும் நுட்பத்தை எண்ணினாரில்லை.

மேலும், அலீன் மாணவியாக இருந்த காலம் கால்நடை மருத்துவத்தில் பெருமாற்றங்கள் நிகழ்ந்த காலமாகும். மாடுகளின் காச நோயை அறிய டியூபர்குலின் சோதனையும், குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயை அறிய மல்லீன் சோதனையும் 1890-களில்தான் வழக்கிற்கு வந்தன. கன்று ஈன்ற ஓரிரு நாளில் பசு நிலை குலைந்து வீழ்ந்து, கழுத்தை மடித்து, உணர்விழந்து இறக்கும் 'பால் சுரம்' என்னும் நோய்க்கு அதுவரை நல்ல மருந்தில்லை. 1897-இல் டென்மார்க்கின் கோல்டிங் நகரைச் சேர்ந்த சுமித் என்னும் கால்நடை மருத்துவர், மடியின் காம்பு வழியாக மருந்து நீரைச் செலுத்திப் பல பசுக்களைப் பிழைக்கவைத்தார். பின்னர் வெறுங்காற்றைச் செலுத்தினாலே போதும் எனக் கண்டனர். ஏன் பசு எழுந்தது என்பது அப்பொழுது எவர்க்கும் விளங்கவில்லை. குருதியில் சுண்ணச் சத்துக் குறைவதே நோயின் காரணம் என்பது 1925-இல் எடின்பரோவில் டிரையர், கிரெய்க் என்னும் அறிஞர் இருவரால் எடுத்துக்காட்டப்பட்டது. மடியில் பால் சுரப்பது தடைப்பட, சுண்ணச் சத்துக் குருதியிலேயே தங்கியது. கை முன்னே சென்று வழி காண, ஏடு முப்பதாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்துப் பின்னே வந்து காரணம் கூறிய அரிய நிகழ்ச்சி இதுவாகும்.

மூடிய தேர்வு மண்டபம்

கல்லூரிப் பாடங்களில் அலீன் முன்னேறினார். ஆனால் பட்டம் வழங்கும் உரிமை கல்லூரிக்கு இல்லை, கழகத்திற்கே இருந்தது. 1897-இல் கழகத்தின் தேர்வை எழுத அவர் முற்பட்டபொழுது, பெண்ணைத் தேர்வுக்கு அனுமதிக்க இயலாது எனக் கழகம் மறுத்துவிட்டது. அவர் பாடத்தில் தேறவில்லை என்று யாரும் கூறவில்லை. அவர் கை பழகவில்லை என்றும் கூறவில்லை. பட்டயத்தில் உள்ள 'மாணாக்கர்' என்னும் சொல் பெண்ணைக் குறிக்குமா என்பதே வழக்காயிற்று.

அலீன் எடின்பரோவின் உயர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடினார். கழகத்தின் இருப்பிடம் இலண்டன் ஆதலின் அதன்மீது தீர்ப்பளிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பெண்ணுக்கு உரிமை உண்டா, இல்லையா என்னும் வினாவுக்கு விடையே கிட்டவில்லை. இலண்டனில் மீண்டும் ஒரு வழக்கைத் தொடுக்க அவர் முற்படவில்லை.

இந்நிலையில் வேறொருவர் படிப்பையே விட்டிருப்பார். தேர்வு இல்லை என்று தெரிந்தபின் பாடம் எதற்கு? பட்டம் இல்லை என்று தெரிந்தபின் இலாயத்தில் நின்று உதை வாங்குவது எதற்கு? ஆயினும் அலீன் கல்லூரியை விடவில்லை. எஞ்சிய பாடங்களையும் பயிற்சிகளையும் முற்றும் முடித்தார். 1900-இல் அவர் வெளியேறியபொழுது கழகத்தின் சான்றிதழ் கையில் இல்லை. ஆசிரியர் வில்லியம்ஸ் தம் கைப்பட வழங்கிய நற்சான்று மட்டும் இருந்தது. அவ்வாண்டிலேயே வில்லியம்ஸ் மறைந்தார். ஆசிரியர் ஒருவர் தம் மாணவிக்கு அளித்த அச்சிறு தாள், சட்டத்தின் முன் மதிப்பற்றதாயினும், ஒரு வாழ்வின் கதவைத் திறந்தது.

ஊர்ப்புறமே பள்ளி

அயர்லாந்தின் ரோஸ்காமன் பகுதியில் ஆத்லீக் என்னும் ஊரையொட்டிப் பணியாற்றிவந்த வில்லியம் பர்ன் என்னும் கால்நடை மருத்துவர், வில்லியம்ஸின் நற்சான்றை ஏற்று அலீனைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். கல்லூரியில் தொடங்கிய பயிற்சி இங்கே விரிந்தது. கல்லூரியில் விலங்கு மருத்துவரிடம் வரும். ஊர்ப்புறத்தில் மருத்துவர் விலங்கிடம் செல்லவேண்டும். குதிரையின் மீதும் குதிரை வண்டியிலும் அவர் பண்ணை பண்ணையாகச் சென்றார். பெண்ணைக் கண்டு உழவர் முதலில் வியந்திருத்தல் இயல்பே. ஆனால் ஒரு பசுவே அக்குடும்பத்தின் செல்வமாக இருக்கும் வீட்டில், அப்பசு பிழைத்து எழுந்தபின் மருத்துவர் ஆணா பெண்ணா என்னும் ஆராய்ச்சி நெடுநாள் நில்லாது.

1905-இல் கால்வே மாவட்ட மன்றம், விலங்கு நோய்ச் சட்டங்களின்கீழ் ஆய்வு செய்யும் கால்நடை மருத்துவப் பணிக்கு அலீனைத் தேர்ந்தெடுத்தது. அரச கழகம் எதிர்த்தது. பதிவேட்டில் பெயரில்லாதவரை எவ்வாறு அமர்த்தலாம் என வினவியது. அரசின் வேளாண்மைத் துறையும் இசைவு தர மறுத்தது. மாவட்ட மன்றமோ தன் முடிவைக் கைவிடவில்லை. இறுதியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. 'கால்நடை மருத்துவ' என்னும் அடைமொழியை நீக்கி, 'ஆய்வாளர்' என்று மட்டும் பதவிக்குப் பெயரிட்டு அவரையே அமர்த்தினர். அவர் செய்த பணி அதே பணிதான். பெயர் மட்டுமே மாறியது. 1910-இல் பர்ன் மறைந்தபின், அம்மருத்துவப் பணி முழுவதையும் அலீனே ஏற்று நடத்தினார்.

போரும் சட்டமும்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. இயந்திர வண்டிகள் இருந்தபோதிலும், பீரங்கியையும் உணவையும் மருந்தையும் போர்முனைக்கு இழுத்துச் சென்றவை பெரும்பாலும் குதிரைகளே. 1915-இல் அலீன் தம் பணியை விட்டுத் தாமே முன்வந்து பிரான்சுக்குச் சென்றார். படைக் குதிரைகளுக்கான மருத்துவமனைகள் அமைந்திருந்த அப்வில் பகுதியில் தொண்டாற்றினார். பட்டத்தை யாரும் கேட்கவில்லை. பழகிய கைகளே தேவைப்பட்டன.

போர் முடிந்தபின், பெண்கள் என்பதற்காகத் தொழில்களிலிருந்து அவர்களை விலக்குதல் ஆகாது எனப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1919-இல் சட்டம் இயற்றியது. கழகத்தின் தடை இதனால் தகர்ந்தது. அலீன் மீண்டும் விண்ணப்பித்தார். அவர்தம் நீண்டகாலப் பட்டறிவைக் கருதி, இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியை மட்டும் நிறைவு செய்தால் போதும் எனக் கழகம் இசைந்தது. 1922-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் கழகத் தலைவர் ஹென்றி சம்னர் சான்றிதழை அவரிடம் வழங்கினார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கால்நடை மருத்துவராகப் பதிவு பெற்ற முதற் பெண்மணி அவரே. அன்று அவருக்கு வயது 54. தேர்வுக் கதவு மூடப்பட்ட 1897-இலிருந்து 25 ஆண்டுகள் கடந்திருந்தன.

உடல்நலம் குன்றியமையால் 1924-இல் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பதிவு பெற்ற மருத்துவராக அவர் பணிசெய்த காலம் ஏறத்தாழ ஈராண்டே. பதிவின்றிப் பணிசெய்த காலம் இருபதாண்டுக்கும் மேலாகும். 1937-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நண்பர்களைக் காணச் சென்றிருந்த ஜமைக்காத் தீவில் அவர் மறைந்தார். தம் செல்வத்தில் 5,000 பவுனைக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சிக்கான உதவித்தொகைக்கென விட்டுச்சென்றார். அதனைப் பெற்றுக்கொண்டது வேறெவருமன்று. ஒருகாலத்தில் அவரைத் தேர்வு மண்டபத்திற்கு வெளியே நிறுத்திய அதே கழகம். இன்று பிரிட்டனில் கால்நடை மருத்துவம் பயில்வோருள் பெண்களே பெரும்பான்மையினர்.

வரலாறு கூறும் பாடம்

இவ்வரலாற்றில் இரு வேறு பிழைகள் எதிரெதிரே நிற்கின்றன. கோல்மன் காலத்து இலண்டனில் கைப்பழக்கமில்லாதவர்க்குத் தாள் கிடைத்தது. கஸ்ட் காலத்தில் கைப்பழக்கம் உடையவர்க்குத் தாள் மறுக்கப்பட்டது. முன்னதனால் துன்புற்றவை வாய் பேசாத விலங்குகள். பின்னதனால் துன்புற்றவர் தகுதிமிக்க ஒரு மனிதர். இரு பிழைகளுக்கும் அடிப்படை ஒன்றே. தேர்வு எதனை அளக்க ஏற்பட்டதோ அதனை அளக்காமல், வேறொன்றை அளந்தது. ஓரிடத்தில் நினைவாற்றலை அளந்தது. மற்றோரிடத்தில் பிறப்பை அளந்தது. கையை அளக்கவில்லை.

தேர்வே வேண்டா எனக் கூறுவது இதனின்று பெறும் முடிவாகாது. தேர்வும் சான்றிதழும் இல்லையேல் போலிகள் மலிவர், மக்கள் ஏமாறுவர். அலீன் கஸ்ட் தாமும் சான்றிதழைத் துச்சமென ஒதுக்கவில்லை. இருபதாண்டுக்கும் மேல் மருத்துவராகவே வாழ்ந்த பின்னரும், மாணவியைப்போல் தேர்வாளர் முன் நின்று அதனைப் பெற்றார். தாளின் மதிப்பை அவர் அறிந்திருந்தார். அத்தாள் கையின் திறத்திற்குச் சான்றாக அமையவேண்டும் என்பதே அவர் வாழ்வு வற்புறுத்தும் கருத்தாகும்.

மாணாக்கர் இதில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. பயிற்சியின் தொடக்க நாள்கள் எவர்க்கும் இனியவை அல்ல. நாடி அகப்படாது, மருந்து சிந்தும், நல்ல காலை நோவுற்ற கால் என்று சொல்லி நாண நேரும். இவை தகுதியின்மையின் அடையாளங்கள் அல்ல. கை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவம் அது. எழுத்துக்கூட்டிப் படிக்காமல் நூலைக் கற்றவர் யார்? பயன் உடனே கிட்டாது என்று தெரிந்தும் கற்பதை நிறுத்தாத உறுதி, அலீன் 1897-க்குப் பின் கல்லூரியில் கழித்த ஆண்டுகளில் விளங்கிற்று. அந்த ஆண்டுகளில் பெற்ற பயிற்சியே ரோஸ்காமனிலும் அப்விலிலும் பயன்பட்டது.

ஆசிரியர் கொள்ளவேண்டியதும் ஒன்றுண்டு. வில்லியம்ஸ் சட்டத்தை மாற்றவில்லை. நீதிமன்றத்தில் வென்று தரவுமில்லை. மாணவியை வகுப்பில் சேர்த்தார். பிறர்க்குக் கற்பித்தவாறே அவர்க்கும் கற்பித்தார். கண்டறிந்த திறனை எழுதிக் கையொப்பமிட்டார். ஆசிரியரின் அதிகார எல்லைக்குள் அடங்கியவை இம்மூன்றுமே. அம்மூன்றையும் அவர் தவறாது செய்தார். நாடாளுமன்றம் 1919-இல் கண்ட நீதியை, எடின்பரோவின் ஒரு கல்லூரித் தலைவர் இருபதாண்டுகளுக்கு முன்னரே தம் வகுப்பறையில் நடைமுறைப்படுத்தியிருந்தார். சட்டம் வருவதற்குக் காத்திராமல், கற்க வந்த கையைப் பற்றி வழிநடத்துவோரே கல்வியின் வரலாற்றை முன்னே செலுத்துகின்றனர்.